பெயரும் பொருளும்: அழகுப் பொருள்களின் பாதுகாப்பை மதிப்பிடுவதில் மொழியின் பங்கு



மொழியியல் படித்த ஒருவன் வேதிப்பொருள்களைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் வேதியியலாளன் அல்லன், மருத்துவனும் அல்லன். ஆயினும் ஒரு பொருள் பாதுகாப்பானதா என்னும் கேள்வி ஆய்வகத்தில் விடை கண்ட பிறகு, அவ்விடை மக்களிடம் சொற்களாகவே வந்து சேர்கிறது. சொற்கள் தடுமாறினால் விடையும் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் எனக்கும் ஒரு பங்குண்டு. அதை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை என்று கருதுகிறேன்.

என் மூத்த சகோதரியாருக்குக் கைகளில் தோல் வெடிப்பும் அரிப்பும் நெடுநாளாக உண்டு. பலதுறை மருந்தகத்தில் அவருக்கு ஒரு பூச்சு தந்திருந்தார்கள். அதில் புரோப்பிலீன் கிளைகால் என்றொரு பொருள் இருந்தது. ஒருநாள் அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: ‘காரின் குளிர்விப்பு நீரில் ஊற்றும் இரசாயனத்தை உங்கள் தோலில் பூசுகிறார்கள்.’ அக்கா அன்றே அந்தப் பூச்சைக் குப்பையில் போட்டுவிட்டார். அதற்கு மாற்றாகத் தெரிந்தவர் ஒருவர் விற்ற ஒரு சிறு குப்பியை வாங்கினார். மேலே மலர்ப் படம். ‘இயற்கை மூலிகை, இரசாயனமற்றது’ என்ற எழுத்து. உட்பொருள்களின் பட்டியல் மட்டும் இல்லை. மூன்று வாரங்களில் கைகள் புண்ணாயின. அந்தக் குப்பியில் என்ன இருந்தது என்பதை இன்றுவரை நாங்கள் அறியோம்.

பெயர் சொல்லிக்கொண்டு வந்த பொருளுக்கு அஞ்சினார். பெயரே இல்லாமல் வந்த பொருளை நம்பினார். பிறகு என்னிடம் கேட்டார்: “தம்பி, நீதான் பெரிய படிப்புப் படிச்சவனாச்சே, அந்த மருந்துல இருந்தது நெசமாவே விஷமா?” எனக்கு விடை தெரியவில்லை. அதற்கும் மேலாக, விடையைச் சொல்லத் தகுந்த தமிழ்ச் சொற்கள் என்னிடம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாதுகாப்புக் கையேட்டின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் குழுவில் நான் இருந்தேன். ஆங்கிலத்தில் ‘ஹசார்ட்’ என்றும் ‘ரிஸ்க்’ என்றும் இருந்த இரு வேறு சொற்களையும் ‘ஆபத்து’ என்ற ஒரே சொல்லால் எழுதி, ஒப்பமிட்டு அனுப்பினோம். அக்கா கேட்ட கேள்விக்கு விடை அந்த இரு சொற்களின் வேறுபாட்டில்தான் இருந்தது என்பதை மிகப் பின்னரே உணர்ந்தேன்.

1. அச்சம் ஏறிய சொற்கள்

‘இரசாயனம்’ என்னும் சொல் இன்று அச்சுறுத்தும் சொல். இரசாயனம் கலந்த உணவு, இரசாயனம் தெளித்த காய்கறி என்று கேட்டவுடன் முகம் சுளிக்கிறோம். ஆனால் ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளுள் ஒன்றாக வைத்து எண்ணப்பட்ட இரசாயனம், முதுமையைத் தள்ளி உடலைப் புதுப்பிக்கும் மருத்துவம். சித்த மருத்துவர் காயகற்பம் என்று எதைப் போற்றினரோ, அதற்கு இணையான சொல் அது. ஆயுளை நீட்டிக்கும் மருந்துக்கு வழங்கிய பெயர், இன்று ஆயுளைக் குறைப்பதாக அஞ்சப்படும் பொருளுக்கு வழங்குகிறது. மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்பர்.

‘வேதியியல்’ என்னும் சொல்லில் உள்ள வேதித்தல், ஓர் உலோகத்தை மற்றோர் உலோகமாக மாற்றுதலைக் குறித்த பழஞ்சொல். மாற்றத்தை ஆராயும் துறைக்கு அது பொருத்தமான பெயரே. ‘மருந்து’ என்னும் சொல்லையும் பாருங்கள். நோய் தீர்ப்பதும் மருந்து. எலியைக் கொல்வது எலிமருந்து. பாறையைப் பிளப்பது வெடிமருந்து. கிரேக்கர்களும் ‘பார்மகான்’ என்னும் ஒரே சொல்லால் மருந்தையும் நஞ்சையும் சுட்டினர். காப்பதையும் கொல்வதையும் ஒரு சொல்லில் அடக்கிய முன்னோர் குழப்பத்தால் அப்படிச் செய்யவில்லை. ஒரே பொருள் அளவாலும் பயன்படுத்தும் முறையாலும் இரண்டாகவும் ஆகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதுவே. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். அதில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. அளவைப் பற்றியே பெரிதும் பேசப்படுகிறது. மேலைநாட்டில் 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்னும் மருத்துவர் அளவே நஞ்சைத் தீர்மானிக்கிறது என்று உரைத்தார். இன்றைய நச்சியலின் அடித்தளம் அக்கருத்தே.

எனவே ‘இது இரசாயனமா, இயற்கையா?’ என்பது பயன்தராத கேள்வி. நீரும் வேதிப்பொருளே, உப்பும் வேதிப்பொருளே. பாதரசமும் இயற்கையில் கிடைப்பதே. கேட்கத் தகுந்த கேள்வி வேறு.

2. இரண்டு சொற்கள் தேவை

நம் பழைய சமையலறைகளில் இருந்த அரிவாள்மனையை நினைவுகூருங்கள். அதன் கூர்மை எப்போதும் அதனிடம் உண்டு. சுவரோரம் சாய்த்து வைத்தாலும் உண்டு. அது தீங்கு செய்யவல்ல தன்மை. ஆனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதைத் தரையில் விட்டுவைத்தால் நேரக்கூடிய தீங்கு, அந்தக் கூர்மையிலிருந்து மட்டும் வருவதன்று. குழந்தை அருகில் இருப்பது, அரிவாள்மனை எட்டும் இடத்தில் இருப்பது, பார்ப்பார் இல்லாதது ஆகிய அனைத்தும் சேர்ந்தே அத்தீங்கை உண்டாக்குகின்றன. முதலாவதைத் ‘தீங்குத்திறன்’ என்றும், இரண்டாவதைத் ‘தீங்குவாய்ப்பு’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. ‘ஹசார்ட்’ முன்னது, ‘ரிஸ்க்’ பின்னது.

‘வாய்ப்பு’ நல்லதற்கு வழங்கும் சொல்லாயிற்றே என்று சிலர் தடை கூறலாம். ‘நேரக்கூடியது’ என்னும் பொதுப் பொருளிலும் அது வழங்குகிறது. ‘மழைக்கு வாய்ப்பு’ என்று வானொலியில் நாள்தோறும் கேட்கிறோம். இதனினும் நல்ல சொல் கிடைத்தால் நான் மகிழ்ந்து ஏற்பேன். எந்தச் சொல் என்பதைவிட, சொற்கள் இரண்டாக இருக்கவேண்டும் என்பதே முதன்மையானது.

ஒரு வேதிப்பொருளை அழகுப் பொருளில் சேர்க்கலாமா என மதிப்பிடுவோர் நான்கு படிகளைக் கடக்கின்றனர். முதற்படி, தீங்குத்திறனை இனங்காணல்: தோலை உறுத்துமா, ஒவ்வாமை உண்டாக்குமா, சிறுநீரகத்தைத் தாக்குமா, கருவைப் பாதிக்குமா என்று ஆராய்வது. இரண்டாம் படி, எந்த அளவில் எந்த விளைவு என்று காண்பது. தீங்கு ஏதும் தோன்றாத மிக உயர்ந்த அளவு இங்கே கிடைக்கிறது. மூன்றாம் படி, பயன்படுத்துவோர் உடலுக்குள் நாளொன்றுக்கு எவ்வளவு செல்லும் எனக் கணக்கிடுவது. நான்காம் படி, இவ்விரண்டையும் ஒப்பிட்டுத் தீங்குவாய்ப்பை உரைப்பது. விலங்கில் தீங்கு தோன்றாத அளவுக்கும் மனிதர் உடலில் சேரும் அளவுக்கும் இடையே குறைந்தது 100 மடங்கு இடைவெளி வேண்டும் என்பது பொதுவழக்கு. விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பத்து. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காக இன்னொரு பத்து.

கைப்பேசிச் செய்திகள் பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன. ‘ஆபத்து’ என்ற ஒற்றைச் சொல் அதற்குத் துணைபோகிறது.

3. அக்காவின் பூச்சு

இனி, அக்காவின் கேள்வியை இந்த நான்கு படிகளில் ஏற்றிப் பார்ப்போம்.

புரோப்பிலீன் கிளைகால் தொழிற்சாலையில் பேரளவில் பயன்படும் பொருள் என்பது உண்மை. பாலியெஸ்டர் பிசின் வகைகளைச் செய்யவும், குளிர்நாடுகளில் வானூர்தியின் இறக்கையில் படியும் பனியை நீக்கவும், குளிர்விப்பு நீர்மமாகவும் அது பயன்படுகிறது. ஆனால் அந்தச் செய்தியை எழுதியவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். குளிர்விப்பு நீர்மத்துக்குக் காலங்காலமாகப் பயன்பட்டுவந்தது எத்திலீன் கிளைகால் என்னும் நச்சுப்பொருள். உணவுத் தொழிற்சாலை போன்ற இடங்களில், கசிந்தாலும் கேடு குறைவாக இருக்கவேண்டும் என்பதற்காகவே புரோப்பிலீன் கிளைகாலைத் தேர்கின்றனர். குற்றச்சாட்டாகக் கூறப்பட்டதே ஒருவகையில் நற்சான்றாகிவிடுகிறது.

அழகுப் பொருள்களில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கிறது; நீரில் கரையாதவற்றைக் கரைக்கிறது. உடலுக்குள் சென்றால் கல்லீரலின் நொதிகள் அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. நாம் ஓடும்போது தசைகளில் உண்டாகும் அதே அமிலம் அது. உணவின் வழியே நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 மில்லிகிராம் வரை என உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு வரையறுத்தது. 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பும் அதனை உறுதிசெய்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 1,500 மில்லிகிராம்.

ஐரோப்பிய அறிவியல் குழுவின் வழிகாட்டுதலில், ஒருவர் நாளொன்றுக்குப் பூசும் முகப்பூச்சு 1.54 கிராம், உடற்பூச்சு 7.82 கிராம் என்று கொள்ளப்படுகிறது. இரண்டிலும் இப்பொருள் 5 விழுக்காடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகப்பூச்சிலிருந்து 77 மில்லிகிராம், உடற்பூச்சிலிருந்து 391 மில்லிகிராம். ஆகமொத்தம் 468 மில்லிகிராம். பூசியது முழுவதும் தோல்வழியே உள்ளே சென்றுவிடும் என்று கடுமையாகக் கணக்கிட்டாலும், அது வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

இவ்வளவில் ‘பாதுகாப்பானது’ என்று முழங்கிவிடலாமா? கூடாது. அமெரிக்கத் தொடுதோலழற்சிக் கழகம் 2018இல் இதே பொருளை ‘ஆண்டின் ஒவ்வாமைப்பொருள்’ என அறிவித்து மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. சிலருக்கு, அதிலும் ஏற்கெனவே தோலழற்சி உள்ளவர்களுக்கு, இது அரிப்பையும் ஒவ்வாமையையும் தரக்கூடும். தோலில் ஒட்டுச் சோதனை செய்து அறியலாம். பிறந்து 28 நாள் ஆகாத குழவிகளுக்கு மருந்துவழிச் செல்லும் அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டுவது குறித்து எச்சரிக்கும் ஐரோப்பிய மருந்து முகமை, பெரியவர்களுக்கு அந்த வரம்பை 500 மில்லிகிராமாக வைத்துள்ளது. குழவியின் உடலில் அதைச் சிதைக்கும் நொதிகள் இன்னும் முதிர்வதில்லை என்பதே காரணம். தீப்புண்ணில் பேரளவு பூசப்படும்போதும் மருத்துவர்கள் விழிப்பாக இருக்கின்றனர். பொருள் ஒன்றே, யாருக்கு, எந்தத் தோலில், எவ்வளவு என்பதற்கேற்ப விடை மாறுகிறது. அமெரிக்காவின் அழகுப்பொருள் உட்பொருள் மதிப்பாய்வுக் குழுவும் 2012இல், தோலை உறுத்தாதவாறு கலவை அமைந்தால் இது பாதுகாப்பானது என்றே முடிவுரைத்தது. அந்த ‘அமைந்தால்’ என்னும் வினையெச்சத்தில்தான் அறிவியலின் நேர்மை இருக்கிறது. மொழிபெயர்க்கும்போது முதலில் உதிர்ந்துபோவதும் அதுவே.

ஆகவே அக்காவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது: “அது விஷம் இல்லக்கா. ஆனா உன் கைக்கு ஒத்துக்குதான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சோதிச்சுப் பார்க்கணும்.” அதைச் சொல்ல எனக்குப் பல மாதம் ஆயிற்று.

4. ஓரெழுத்து வேறுபாடு

அறமும் அரமும் தமிழில் ஓரெழுத்தால் வேறுபடுகின்றன. ஒளியும் ஒலியும் அப்படியே. வேதியியலிலும் இத்தகைய இணைகள் உண்டு. எத்திலீன் கிளைகாலுக்கும் புரோப்பிலீன் கிளைகாலுக்கும் உள்ள வேறுபாடு, ஒரு கரியணுவும் அதனுடன் வரும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே. ஆயினும் எத்திலீன் கிளைகால் உடலில் ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சுண்ணத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாய் உறைந்து உயிரைப் பறிக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த டைஎத்திலீன் கிளைகாலும் சிறுநீரகத்தை அழிப்பது. ‘கிளைகால்’ என்னும் பெயரின் முற்பகுதி, இனிப்பைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. இந்த நீர்மங்கள் நாவுக்கு இனிப்பவை. குழந்தைகள் அவற்றை மறுக்காமல் குடித்ததற்கு அந்த இனிமையே காரணம்.

1937இல் அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனம், சல்பனிலமைடு என்னும் மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து, ராஸ்ப்பெரி சுவையூட்டி, ‘எலிக்சர்’ என்ற பெயரில் விற்றது. நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை, சோதிக்கவேண்டும் என்று அன்றைய சட்டமும் கூறவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களுள் பலர் குழந்தைகள். நஞ்சை விற்றதற்காக அந்தப் புட்டிகளைக் கைப்பற்ற அதிகாரிகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர்களுக்குக் கிடைத்த பிடி ஒரு சொல்தான். ‘எலிக்சர்’ என்றால் சாராயத்தில் கரைத்த மருந்து என்று பொருள். இதில் சாராயம் இல்லை. எனவே பெயர் பொய். ‘கரைசல்’ என்று பெயரிட்டிருந்தால் அந்தப் பிடியும் இருந்திராது. மறுஆண்டே புதிய சட்டம் வந்தது. அழகுப் பொருள்கள் முதன்முறையாக அமெரிக்கக் கூட்டரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும் அந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்க் கண்ணிமைச் சாயம் ஒன்றால் ஒரு பெண் பார்வையிழந்ததும், மற்றொருவர் உயிரிழந்ததும் அச்சட்டத்துக்கு வித்திட்ட நிகழ்வுகள். அச்சாயத்தில் இருந்தது பாரா-பினைலீன்டைஅமைன். முடிச்சாயங்களில் இன்றும் வரையறுத்த அளவில் பயன்படுவது.

மற்றொரு நிகழ்வு 2006இல் பனாமா நாட்டில் நேர்ந்தது. இருமல் மருந்து குடித்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கிளிசரின் என்ற பெயரில் வந்த பீப்பாய்களில் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. சீனாவிலிருந்து புறப்பட்டபோது அதன் பெயர் ‘டிடி கிளிசரின்’. ‘மாற்று’ என்னும் பொருளுடைய ‘தீதாய்’ என்ற சீனச் சொல்லின் சுருக்கமே அந்த ‘டிடி’. அது கிளிசரின் அன்று, கிளிசரினுக்கு மாற்று என்று அந்தப் பெயரே சொல்லிற்று. வணிகர் கைமாறிக் கைமாறிச் சென்ற வழியில் அந்த இரண்டெழுத்து உதிர்ந்தது. ‘கிளிசரின்’ மட்டும் எஞ்சியது. ஒரு முன்னொட்டு உதிர்ந்ததால் மனித உயிர்கள் போயின என்று சொல்வது மொழியியலாளனின் மிகைக்கூற்று அன்று; நடந்த வரலாறு.

மறுஆண்டு, 2007 மே மாதத்தில், அதே பனாமாவில் ஓர் எளிய அரசு ஊழியர் கடையொன்றில் பற்பசைக் குழாயைக் கையில் எடுத்தார். உட்பொருள் பட்டியலில் டைஎத்திலீன் கிளைகால் என்று வெளிப்படையாக அச்சிட்டிருந்தது. முந்தைய ஆண்டின் சாவுகளால் அந்தப் பெயர் அவர் நினைவில் இருந்தது. அவர் அலுவலகம் அலுவலகமாகச் சென்று முறையிட்டார். அதிலிருந்து தொடங்கிய தேடலில் உலகின் பல நாடுகளில் அத்தகைய பற்பசைகள் அகப்பட்டன. சட்டப்படி, நம் வட்டாரத்தில் பற்பசையும் ஓர் அழகுப் பொருளே என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும்.

அப்போது எழுந்த வாதம் கவனிக்கத்தக்கது. பற்பசையில் 15.6 விழுக்காடு வரை இப்பொருள் இருந்தால் தீங்கில்லை என்று சீன அதிகாரிகள் ஓர் ஆய்வைக் காட்டினர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வேறு கேள்வி கேட்டது. பற்பசையைத் துப்பிவிடும் பெரியவர் மட்டுமா அதைப் பயன்படுத்துகிறார்? விழுங்கிவிடும் குழந்தை என்ன ஆகும்? சிறுநீரக நோயாளி நாள்தோறும் பயன்படுத்தினால் என்ன ஆகும்? இரு தரப்பும் ஒரே பொருளின் தீங்குத்திறனைப் பற்றித்தான் பேசின; யார் உடலில் எவ்வளவு சேரும் என்னும் மூன்றாம் படியில் வேறுபட்டன. அவ்வாண்டு சூலையில் சீனாவே பற்பசையில் அதைத் தடைசெய்தது. இன்று ஐரோப்பியச் சட்டம், பிற பொருள்களோடு கலந்துவரும் சுவடாக 0.1 விழுக்காட்டுக்கு மேல் அதை அனுமதிப்பதில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. 2022இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகளும், இந்தோனேசியாவில் 200க்கு மேற்பட்ட குழந்தைகளும் இந்த நச்சுக் கிளைகால்கள் கலந்த மருந்துகளோடு தொடர்புற்ற சிறுநீரகச் செயலிழப்பால் மாண்டனர். இந்தோனேசியாவில் பீப்பாய் மேல் இருந்த பெயர் புரோப்பிலீன் கிளைகால். உள்ளே இருந்தது வேறு. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அவர்கள் குடித்த இருமல் மருந்து, நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது, அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைகால் இருந்ததாகத் தமிழ்நாட்டு அரசின் சோதனை கூறியது.

எனவே ‘இது தொழிற்சாலை வேதிப்பொருளா?’ என்று கேட்பதில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது; ஆனால் அது கைப்பேசிச் செய்தி கூறிய உண்மை அன்று. ஒரே பொருள் தொழிற்சாலைத் தரத்திலும் மருந்துத் தரத்திலும் விற்கப்படுகிறது. மருந்துத் தரம் எனில், எத்திலீன் கிளைகாலும் டைஎத்திலீன் கிளைகாலும் தனித்தனியே 0.1 விழுக்காட்டைத் தாண்டவில்லை எனச் சோதித்திருக்கவேண்டும். அஞ்சவேண்டியது புரோப்பிலீன் கிளைகாலுக்கு அன்று, சோதிக்கப்படாத பீப்பாய்க்கு. பெயருக்கு அன்று, பெயரும் பொருளும் பிரிந்துவிடுவதற்கு.

5. பட்டியலின் இலக்கணம்

தமிழில் வேற்றுமை உருபுகள் இருப்பதால் சொற்களை முன்பின்னாக மாற்றினாலும் பொருள் பெரிதும் கெடுவதில்லை. அழகுப் பொருளின் உட்பொருள் பட்டியலுக்கு உருபும் இல்லை, வினையும் இல்லை. வரிசைமுறையே அதன் இலக்கணம். எடையில் மிகுந்தது முதலில், குறைந்தது பின்னால். 1 விழுக்காட்டுக்குக் குறைந்தவை மட்டும் இறுதியில் எந்த வரிசையிலும் வரலாம். இந்த ஓர் இலக்கண விதி தெரிந்தால், முகப்பில் ‘மஞ்சள்’ என்று பெரிதாக எழுதிய பூச்சில் மஞ்சள் எங்கே நிற்கிறது என்று யாரும் கண்டுகொள்ளலாம்.

பெயர்களோ உலகப் பொதுப்பெயர்கள். தாவரங்களுக்கு இலத்தீன்: தேங்காய் எண்ணெய் ‘கோக்கோஸ் நியூசிபெரா’ ஆகிவிடுகிறது, மஞ்சள் ‘குர்க்குமா லோங்கா’ ஆகிறது. அறியாதார்க்கு இவை அச்சம் தருகின்றன. இதற்கு மாறாக, ‘காலோமெல்’ என்பது பூவின் பெயர்போல் ஒலிக்கிறது. அது பாதரசச் சேர்மம். நம் சித்த மருத்துவ நூல்கள் ‘பூரம்’ என்று வழங்கும் பொருள். தோலை வெளுக்கச் செய்யும் பூச்சுகளில் களவாகச் சேர்க்கப்படுவதும், சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குவதும் இத்தகைய பாதரசச் சேர்மங்களே. மினாமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025க்குள் முற்றாக நிறுத்த முடிவுசெய்தன. ஆயினும் பட்டியலில்லாக் குப்பிகள் இணையத்தின் வழியும் தெரிந்தவர் வழியும் வீடுகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ‘வெள்ளி, தங்க நகைகளில் படாமல் பார்த்துக்கொள்க’ என்று ஒரு பூச்சு எச்சரித்தால், அதில் பாதரசம் இருக்கக்கூடும் என ஐயுறுக.

இன்னொரு சொல்லிணையையும் நாம் பிரித்தறிய வேண்டும்: ‘அறிவிப்பு’, ‘ஒப்புதல்’. ஆசியான் நாடுகள் 2003இல் கையொப்பமிட்டு 2008 முதல் நடைமுறைப்படுத்திய அழகுப்பொருள் நெறிமுறையின்படி, விற்பனைக்கு முன் நிறுவனம் அரசுக்கு அறிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கும், மலேசியாவில் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமைக்கும் அவ்வறிவிப்புச் செல்கிறது. பாதுகாப்பை மதிப்பிட்டு ஆவணம் வைத்திருக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. அரசு சந்தையில் எடுத்துச் சோதிக்கிறது. தவறு கண்டால் நீக்குகிறது. அறிவிப்பு எண்ணைக் காட்டி ‘அரசு ஒப்புதல் பெற்றது’ என்று ஒருவர் விற்றால், அவர் ஒரு சொல்லின் இடத்தில் வேறொரு சொல்லை வைக்கிறார் என்று பொருள்.

6. மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

அறிவியல் தமிழ் என்றவுடன் நாம் பெரும்பாலும் கலைச்சொல் ஆக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். அச்சொல் தூய தமிழா என்று வாதிடுகிறோம். நானும் அவ்வாறு வாதிட்டவனே. புரோப்பிலீன் கிளைகாலுக்குத் தமிழ்ப்பெயர் வைக்கவேண்டும் என்று இன்று நான் கேட்கமாட்டேன். அந்தப் பெயர் உலகெங்கும் ஒன்றாக இருப்பதில்தான் பனாமாவின் அந்த எளிய மனிதரால் நஞ்சை அடையாளம் காண முடிந்தது. பெயர்கள் அப்படியே இருக்கட்டும். அப்பெயர்களைச் சுற்றி நிற்கும் வாக்கியங்கள்தாம் நல்ல தமிழில் இருக்கவேண்டும். ‘அமைந்தால்’, ‘தாண்டாதவரை’, ‘தோலில் புண் இல்லாதபோது’ என்னும் எச்சங்களைக் கைவிடாத தமிழ்.

எனவே மன்றத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, தீங்குத்திறன், தீங்குவாய்ப்பு என்னும் வேறுபாட்டை எந்தச் சொற்களாலேனும் நிலைநிறுத்தி, மொழிபெயர்ப்பாளர்க்கும் ஊடகத்தார்க்கும் வழங்குக. இரண்டு, உட்பொருள் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதற்கு நான்கு பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு வெளியிடுக. அதை முதியோர் நடவடிக்கை நிலையங்களுக்கு எடுத்துச் செல்க. மூன்று, அக்கையேட்டை அச்சுக்கு அனுப்புமுன் பேராசிரியர்களிடம் மட்டும் காட்டாமல், என் அக்காவைப் போன்ற பத்துப் பேரிடம் படித்துக்காட்டி, அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்டறிக. நான் ஒப்பமிட்ட கையேட்டுக்கு அதை நாங்கள் செய்யவில்லை.

தமிழில் ‘பொருள்’ என்னும் ஒரே சொல், கையில் எடுக்கும் பண்டத்தையும் குறிக்கும். சொல்லின் கருத்தையும் குறிக்கும். புட்டியின் மேலிருக்கும் பெயரும் உள்ளிருக்கும் பொருளும் ஒன்றாக இருக்கின்றனவா எனக் காப்பது வேதியியலாளர் கடமை. அந்தப் பெயரும் மக்கள் கொள்ளும் பொருளும் ஒன்றாக இருக்கின்றனவா எனக் காப்பது நம் கடமை.

அக்காவின் கைகள் இப்போது ஆறிவிட்டன. மருத்துவர் வேறொரு பூச்சு தந்திருக்கிறார். கடைக்குப் போனால் இப்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்பியைத் திருப்பிப் பார்க்கிறார். பட்டியல் இல்லையென்றால் வைத்துவிடுகிறார். பட்டியல் இருந்து, பெயர் விளங்காவிட்டால், எனக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். விடை தெரியாதபோது ‘தெரியவில்லை, மருந்தாளரிடம் கேட்போம்’ என்று சொல்ல நானும் கற்றுக்கொண்டேன்.